ஓட்டை இல்லாத போன்

சிகாகோவிலிருந்து வந்த போனில்
சிம் போட ஓட்டை இல்லை.
நாலு விளிம்பையும் நகத்தால் தடவிப் பார்த்தேன்.
புது எவர்சில்வர் தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது.

செக்காலை ரோட்டுக் கடையில் கலீல் சொன்னான்:
"இதுக்கு சிம்மே வேணாம்க்கா, உள்ளயே ஏத்திரலாம்.
ஆனா உங்க பழைய பிளான் போயிரும்."
"எங்க போகும்?"
"அப்படியே போயிரும்.
கம்பெனிப் பட்டியல்ல அந்தப் பேரே இப்ப கிடையாது.
நீங்க இருக்கிறதால அது இருக்கு."

மாதம் நூற்று எழுபத்தொன்பது ரூபாய்.
டேட்டாவுக்கு அளவு கிடையாது.
கம்பெனி காரைக்குடிக்கு வந்த புதிதில்
பஸ் ஸ்டாண்டு ஓரம் குடை நட்டு
ஆள் பிடித்துக்கொண்டிருந்தான் ஒரு பையன்.
வெயிலுக்கு ஒதுங்கியவள்
கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.
மறுவாரம் குடையும் இல்லை, பையனும் இல்லை.

கானாடுகாத்தானில் நான் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு
இருபத்து மூன்று பங்கு.
ஈப்போவில் ஏழு, சென்னையில் ஒன்பது, சிகாகோவில் ஒன்று.
மீதி ஆறு எங்கே என்று
வட்டியைப் பைசா சுத்தமாகப் போடுகிறவர்களுக்கே தெரியவில்லை.
மழை பெய்தால் மட்டும் எல்லோரும் வந்துவிடுவார்கள், போனில்.
"பூமயிலு, வளவைக் காட்டு."
"எங்க ரூம் பூட்டை ஆட்டிக் காட்டு."
ஆட்டுவேன். சத்தம் கேட்க வேண்டும் அவர்களுக்கு.
"மேற்கே ஓட்டைக் காட்டு" என்பார் ஒருவர்.
ஓட்டைத்தான் காட்டுகிறேன் ஐயா,
ஓட்டில் இருக்கிற ஓட்டையை.

ஐப்பசியில் ஒரு நாள்
ஒழுகுகிற இடம் ஒருவர் பங்கு,
தண்ணீர் தேங்குகிற இடம் இன்னொருவர் பங்கு என்று
இரண்டு மணி நேரம் சண்டை.
அவ்வளவு நேரமும்
வாளிக்கு மேலே போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
கை கடுத்தது. டேட்டா கடுக்கவில்லை.

"படம் கலங்கலா வருது, விரிசல் தெரியல"
என்று இந்தப் போனை அனுப்பியவர் சோலையப்பன்.
புதுப் பிளானில் நாளைக்கு இரண்டு ஜிபிதான்,
இரண்டாங்கட்டைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும் என்றேன்.
"பெரிய பிளானாப் போட்டுக்க,
வித்தியாசத்தைப் பங்காளிங்க தருவோம்."

தருவார்கள்.
முதலில் அதை இருபத்து மூன்றால் வகுப்பார்கள்.
வகுத்தால் மீதி வரும்.
அந்த மீதி யார் தலையில் என்று கேட்க
ஒரு கூட்டம் போடுவார்கள்,
என் போனில்.

இந்த வீட்டில் ஒரு கதவுத் தாழ்ப்பாளை மாற்ற
இருபத்து மூன்று கையெழுத்து வேண்டும்.
நான் எந்தப் புள்ளியிலும் சேராதவள்.
சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தாலும்
ஒரு சாவிகூட என்னுடையது இல்லை.
நூற்று எழுபத்தொன்பது ரூபாய்க்கு
ஒரே பெயர், ஒரே கையெழுத்து.
எழுத்துக்கூட்டிப் போட்டது, கொஞ்சம் கோணல்.

கலீலிடம் கேட்டேன்:
"பழசு பழசாவே இருக்கட்டும்.
அதுகிட்டருந்து புதுசு வாங்கிக் குடிக்க வழி இருக்கா?"
சிரித்துக்கொண்டே ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தான்.
பேர் என்ன வைக்க என்றான்.
பூமயில் மட்டும், என்றேன்.
'மட்டும்' என்பதையும் சேர்த்து அடித்துவிட்டான்,
மாற்றச் சொல்லவில்லை நான்.

இப்போது மடியில் பழசு,
கண்ணாடி கீறி, ரப்பர் பேண்டு போட்டு.
கையில் சிகாகோ.
நான் நடக்க நடக்க
அது இழுக்கிறது, இது காட்டுகிறது.
அடுப்பில் இருந்து இறக்கிய இட்லித் துணி போல
இடுப்பில் சூடு.

"பளிச்சுன்னு இருக்கே!" என்கிறார் சோலையப்பன்.
"விரிசல் முகப்பு வரைக்கும் போயிருக்கு போலயே.
புதுப் பிளான் போட்டுட்டியா?"

பழசில் பன்னிரண்டு சதவீதம் சார்ஜ்.
"அதெல்லாம் இருக்கட்டுங்க," என்றேன்,
"மாடி இன்னும் பார்க்கல நீங்க.
சீக்கிரம் பாருங்க."